நாலாவது சீட்டு

எங்கள் வீட்டில் நான் எண்ணாத பொருளே இல்லை என்று என் மகள் சொல்வாள். பாதி உண்மை. மாடிப்படி, கொடியில் காயும் துணி, எதிர்வீட்டுக்கு வந்துபோகும் ஆட்கள், எல்லாம் கேட்காமலேயே மனதில் எண்ணிக்கையாகிவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் புள்ளியியல் துறையில் இருந்தவன் நான். கடையத்திலும் சுரண்டையிலும் சிவகிரியிலும் வயலில் இறங்கி, கயிறு கட்டி அளந்த சதுரத்துக்குள் எவ்வளவு நெல் விளைந்தது என்று எடை போட்டு எழுதுகிற வேலை. ஓய்வு பெற்றதும் வேலை போய்விட்டது, எண்ணுகிற பழக்கம் போகவில்லை. எண்ணிக்கை குறைந்தால் எனக்குப் பதற்றம் வரும். கூடினாலும் வரும்.

மகளும் பேத்தியும் தென்காசியில் என்னோடு இருக்கிறார்கள். பேத்தி போன ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனபோது அவள் மேசையைப் போய்ப் பார்த்தேன். நோட்டுகளையே காணோம். உதிரித் தாள்களும், அவற்றைச் செருகிவைத்த ஸ்டிக் ஃபைல்களும்தான் கிடந்தன.

"ஏம்மா, உன் நோட்டெல்லாம் எங்க?"

"இதான் தாத்தா."

"இது தாளுல்லா?"

"தாளுதான். இதான் நோட்டு."

எனக்குத் தெரிந்த நோட்டு பாடத்துக்கு ஒன்று, பிரவுன் அட்டை, மேலே லேபிள், உள்ளே பக்க எண். இவர்கள் முறை வேறு. வகுப்பில் எழுதுவதெல்லாம் ஒரே ஒரு ரஃப் நோட்டில்தான். இயற்பியலுக்கு அடுத்த பக்கத்தில் தமிழ், அதற்கடுத்து வேதியியல் என்று பீரியடு வாரியாக, கோழி கிளறிய மாதிரி கிடக்கும். சாயங்காலம் அதிலிருந்து தாளுக்கு மாற்றுவார்கள். ஒரு தாளில் ஒரு கேள்விதான். இடது மூலையில் பாட எண். வலது மூலையில் பென்சில் புள்ளிகள். அந்தக் கேள்வி இதுவரை பொதுத்தேர்வில் எத்தனை முறை வந்திருக்கிறதோ அத்தனை புள்ளி. அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். டெஸ்ட்டில் எங்கே தப்பு விட்டார்களோ அதை அந்த இடத்தில் எழுதிக்கொள்வார்கள். எழுதியவுடன் அந்தத் தாள் ஃபைலின் முன்பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு தப்பில்லாமல் எழுதிக் காட்டினால்தான் பின்னால் போகும்.

"அப்படின்னா ஒண்ணாம் பாடத்துக்கு அடுத்தாப்புல ஏழாம் பாடம் வந்து நிக்குமே?" என்று கேட்டேன்.

"நிக்கட்டுமே. ஃபைலத் திறந்ததும் எனக்குத் தெரியாததுதான் கண்ணுல படணும். தெரிஞ்சதப் பாத்துப் பாத்து சந்தோசப்படவா தாத்தா ஃபைலு?"

அலுவலகத்தில் நான் வரிசை எண் மாறாமல் அடுக்கிவைத்த கோப்புகளை நினைத்துப் பார்த்தேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு எது தெரியாது என்று ஒரு கோப்பும் எனக்குச் சொன்னதில்லை. அதை வெளியே சொல்லாமல், "பக்க எண் இல்லையே, ஒரு தாள் விழுந்துட்டா எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன். அவள் அடுத்த தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அதையே நான் பல நாள் கேட்டேன்.

அவர்கள் வகுப்பில் நாலு பேர் ஒரு கூட்டு. ஆளுக்கு ஒரு பாடத்தைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு தாள் தயாரித்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். கணக்கு என் பேத்தியின் பொறுப்பு. நாலாவது பெண் குற்றாலத்துக்காரி. பேரருவிக்குப் போகிற ரோட்டில் அவள் அப்பாவுக்குச் சிப்ஸ் கடை. சீசன் தொடங்கும் நேரத்தில், கடைமுன் தார்ப்பாய் கட்டும்போது அவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கடையில் இருந்த பையனும் வேறு வேலை கிடைத்துக் கேரளாவுக்குப் போய்விட்டான். அம்மா பின்னால் அடுப்பில் நேந்திரங்காய் பொரிக்க வேண்டும். தராசில் நிற்க ஆள் இல்லை. ஆகவே அந்தப் பெண் நின்றாள். பள்ளிக்கு வருவது நின்றது.

நான் சீசனில் காலை பஸ்ஸில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருகிறவன். "தாத்தா, போற வழிதான, இத அவட்ட குடுத்துருங்க" என்று பேத்தி முதல் ஃபைலை என் கையில் கொடுத்தாள். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

கடையில் அவள் அப்பா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஃபைலைப் பார்த்ததும் அவராகவே பேச ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நான் படிக்க வேண்டாம்னா சொல்லுதேன்? கால்ல கம்பி வச்சிருக்கு. இந்த சீசன் யாவாரத்துலதான் எங்களுக்கு வருசமே ஓடணும். காலாண்டுப் பரீட்சைக்கு அனுப்புதேன். எல்லாப் பாடத்துலயும் பாஸாயிட்டான்னா பெறவு அவ பாட்டுக்குப் போட்டும். ஆவலன்னா என்ன செய்ய? இந்த வருசம் கடையப் பாக்கட்டும். அடுத்த வருசம் பாப்போம்."

அந்தப் பெண் மரவள்ளிச் சிப்ஸை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டே, "அடுத்த வருசம்னு நின்ன எங்க பெரியம்மா மவ இன்னும் வீட்லதான் இருக்கா" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. தராசைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். பேத்தி ஏற்கெனவே தெரிந்தவள்போல் தலையாட்டினாள். போனில் படம் எடுத்து அனுப்பினால் என்ன, நான் எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்றும் கேட்டேன்.

"போனு அவ அப்பா சட்டைப் பையில இருக்கு. அவ கையில எண்ணெய். படத்தப் பெருசு பண்ணிப் பாக்கதுக்குள்ள ரெண்டு கஸ்டமர் வந்துருவாங்க."

அதற்குள் அந்த மூன்று பெண்களும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளுக்குப் போகும் தாள்களைப் பாடவாரியாகப் பிரிக்கவில்லை. அருவித் தண்ணீரை வைத்துப் பிரித்திருந்தார்கள். நீல ஃபைல் கூட்ட நாளுக்கு. அதில் ஒரு மார்க் கேள்விகள், சமன்பாடுகள், பெயர்கள். எல்லாம் பெரிய எழுத்தில், நாலு வரிக்கு மேல் போகாது. சிவப்பு ஃபைல் தடை நாளுக்கு. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் வந்த வண்டிகள் திரும்பிவிடும், கடை ஈயாடும். அன்றைக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய ஐந்து மார்க் கேள்விகளும் கணக்குகளும் சிவப்பில். ஜெல் பேனாவைத் தொடவே இல்லை. சாரல் பட்டால் ஊறிவிடும் என்று எல்லாம் பால்பாயின்ட். கடையில் அவள் தராசுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, துணி கிளிப்பில் அன்றைய தாளைத் தொங்கவிட்டிருந்தாள். எடை போட நிமிர்ந்தால் தாள் கண்ணுக்கு நேராக நிற்கும்.

"மோளே, அரைக் கிலோ" என்று மலையாளத்தில் ஒருவர் கேட்பார். அவள் அள்ளிப் போட்டு, முள்ளைப் பார்த்து, அதற்கு மேலே தாளைப் பார்த்து, உதட்டை அசைத்துவிட்டுப் பொட்டலம் கட்டுவாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட எடை தவறவில்லை. ஒரு தடவைகூடத் தாளை விடவும் இல்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. போன சீசன் அப்படி ஒரு நல்ல சீசன். தண்ணீர் நன்றாக விழுந்தது, ஆனால் அளவோடு விழுந்தது. சாரல், வெயில், சாரல். தடையே இல்லை. ஜூலை முழுக்கக் கூட்டம். நீல ஃபைலைத் தின்று தீர்த்துவிட்டாள்; புதிது புதிதாகக் கேட்டாள். சிவப்பு ஃபைல் கொடுத்த மேனிக்கே இருந்தது. மற்ற பாடங்களில் ஒரு மார்க்கும் இரண்டு மார்க்கும் சேர்த்துக் கரையேறிவிடலாம். கணக்கில் முடியாது. ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தால் ஆறு படி இறங்க வேண்டும். இரண்டாவது படியில் ஒரு குடும்பம் வந்து நின்று எது உப்பு, எது காரம் என்று கேட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

தினமும் குளித்துவிட்டு வந்து நான் மலையைப் பார்ப்பேன். மேகம் கறுத்திருக்கிறதா, இன்றாவது வெள்ளம் வருமா என்று. தடை போட்டால் என் குளியலும் போகும், அது பரவாயில்லை.

"என்ன அண்ணாச்சி, ஈரத் தலையோட மலையையே பாத்துட்டு நிக்கீங்க? சளி புடிக்கப் போவுது" என்றார் அவள் அப்பா.

"மழை வருமான்னு பாக்கேன்."

"வரட்டும், ஆனா நிதானமா வரட்டும். தடை மட்டும் போட்டுரக் கூடாது. உங்க வாயால நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க."

அவர் கொடுத்த சூடான சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் பேத்தியிடம் புலம்பிவிட்டேன். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, சிவப்பு ஃபைலில் எத்தனை தாள் திறக்காமல் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை வீதம் என்று வகுத்துச் சொன்னேன். மகள் சமையலறையிலிருந்து, "அவங்க ரெண்டு பேரும் பாஸாயிருவாங்க. நீங்கதான் பிரஷர் மாத்திரைய மறந்துராதீங்க" என்றாள். பேத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். அழகாக எழுதியிருந்த ஒரு கணக்குத் தாளைக் குறுக்கே வெட்டினாள்.

"என்ன செய்யுத?"

"வெட்டுதேன்."

ஒரு கணக்கு, ஆறு படி. ஆறு சீட்டு. ஒரு சீட்டில் ஒரு படி மட்டும். அந்தப் படியைப் போட ஒரு நிமிஷம் போதும். அதற்குள் வாடிக்கையாளர் வந்தாலும் அழிவதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் முந்தைய சீட்டின் கடைசி வரியைத் திரும்ப எழுதினாள், விட்ட இடத்தைத் தேட வேண்டாம் என்று. மூலையில் எண் போட்டாள். ஒன்று முதல் ஆறு வரை. கடைசியில் எண் போட்டுவிட்டாளே என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

மறுநாளிலிருந்து சீட்டுகளை எண்ணிக் கொண்டுபோய் எண்ணித் திரும்ப வாங்கி வந்தேன். கிளிப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். முடித்ததைக் கழற்றித் தராசின் அடியில் செருகிவைப்பாள். ஒரு நாளில் இரண்டு கணக்கு, சில நாள் மூன்று. எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். பேத்தி கறையைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோடு கொள்ளாத கூட்டம். மறுநாள் காலை சீட்டுகளை வாங்கி எண்ணினேன். ஒன்று குறைந்தது. அணிகள் என்கிற மேட்ரிக்ஸ் பாடத்துக் கணக்கு ஒன்றில் மூன்றுக்கு அடுத்து ஐந்து இருந்தது. நாலைக் காணோம். தராசைத் தூக்கிப் பார்த்தேன், டின்களுக்கு இடையில் பார்த்தேன்.

"என்ன தேடுதீங்க?" என்றார் அப்பா.

சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "சின்னச் சீட்டா? ஒரு பக்கம் வெள்ளையா இருக்குமே? நேத்து ஒரு கேரளாக் காருக்காரரு நாலஞ்சு ஐட்டம் வாங்குனாரு. பில்லு கூட்டிப் போட்டுக் குடுன்னாரு. கைக்கு அது அம்புட்டது, பின்னால கூட்டிக் குடுத்துட்டேன். இந்நேரம் புனலூர் தாண்டிருக்கும்."

"எப்பா!" என்று கத்தினாள் அவள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "விடுங்க தாத்தா. அந்தக் கணக்க நான் முடிச்சிட்டேன்."

"நாலு இல்லாமலா?"

"மூணு இருக்கு, அஞ்சு இருக்கு. நடுவுல என்ன வரணும்? நானே எழுதிட்டேன்." கடையின் பில் தாளில் எழுதியிருந்ததை நீட்டினாள். மேலே சிப்ஸ் படம், கீழே அவள் கையெழுத்தில் நாலாவது படி. "மொதல்ல தப்பாத்தான் வந்துச்சு. அஞ்சோட ஒட்டல. பெறவு பிளஸ் மைனஸ் குறி மாத்திப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சுது. மாத்துனேன், ஒட்டிக்கிடுச்சு."

அதை அப்படியே கொண்டுவந்து பேத்தியிடம் கொடுத்து, அவள் அப்பா செய்த காரியத்தையும் சொல்லி, இனி ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு பக்கமும் எழுதிவிடு, அப்போதுதான் அதில் பில் போட முடியாது என்றேன். அவள் பில் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் யோசனை அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் சீட்டுகளை எண்ணிப் பஸ் ஏறினேன். முதல் கணக்கில் ஐந்து சீட்டுதான் இருந்தது. இரண்டாவதிலும் ஐந்து. மேலகரம் தாண்டுவதற்குள் மூன்று முறை எண்ணிவிட்டேன். முதலாவதில் நாலு இல்லை, இரண்டாவதில் மூன்று இல்லை. குளிக்கக்கூட இல்லாமல் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன். பேத்தி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"விட்டுப் போச்சு. இன்னா பாரு, மூணும் நாலும் இல்ல."

"விட்டுப் போவல. விட்டிருக்கேன்."

"என்னது?"

"நடுவுல ஒண்ண எடுத்துட்டோம் தாத்தா. எல்லாச் சீட்டையும் குடுத்தா அவ வாசிச்சிட்டுப் போயிருவா. ஒண்ணு இல்லன்னா அவளே போடணும். சரியா தப்பான்னு கேக்க அங்க டீச்சர் கிடையாது. அதனால என்ன? அடுத்த சீட்டே சொல்லிரும், ஒட்டுதா ஒட்டலையான்னு. காலேலே சொல்லலாம்னு நெனச்சேன், நீங்க அதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சிட்டீங்க."

என் மகள் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பொருள் எண்ணிக்கையில் குறைந்தால் அது தொலைந்துபோனது என்று மட்டுமே நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். குறைவதை ஒரு வேலைக்கு வைக்கலாம் என்று பதினேழு வயதுப் பெண்கள் ஒரே நாளில் கண்டுபிடித்திருந்தார்கள், அதுவும் ஒருவர் பில் போட்டுக் கொடுத்த தவறிலிருந்து. அடுத்த பஸ்ஸில் மறுபடி குற்றாலம் போனேன். அன்று கூட்டத்தில் எனக்குக் குளியல் கிடைக்கவில்லை.

அதன்பிறகு என் எண்ணிக்கை மாறியது. போகும்போது ஐந்து, வரும்போது ஆறு. ஆறாவது எப்போதும் சிப்ஸ் படம் போட்ட தாளில் வரும். போகப்போகப் பேத்தி இரண்டு படிகளை எடுத்தாள், பிறகு மூன்று. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கணக்குக்குக் கேள்வியும் விடையும் மட்டும் போயின. நான் பையை உதறி வேறு சீட்டு உண்டா என்று பார்த்தேன். அவள் வாங்கிக் கிளிப்பில் மாட்டினாள்.

சீசன் முடியப்போகிற வாரத்தில்தான் தடை வந்தது. நான் போனபோது அருவி கலங்கி, சிவப்பாக இரைந்துகொண்டிருந்தது. காவலர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். கடைவீதி காலி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு ஃபைல் கிளிப்பில் இல்லை, தராசடியில் மூடிக்கிடந்தது. பார்க்காமலேயே போட்டாள். அப்பா கைத்தடியோடு எழுந்து தராசுக்குப் பின்னால் நின்றிருந்தார். வாங்க யாருமில்லை. அவர் அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாவாரம் போச்சு அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "நீங்க ஏன் சிரிக்கீங்க?"

"சிரிக்கலியே."

"சிரிக்கீங்க. சரி, சிரிங்க." ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார். "இந்த ஒரு நாளு அவ படிக்கட்டும்."

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. கணக்குப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கொடுத்த நாள் சாயங்காலம் பேத்தியை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். மற்ற பாடங்களில் குற்றாலத்துப் பெண் தேறியது ஏற்கெனவே தெரியும்.

"பாஸ் மார்க்குக்கு மேல ஆறு" என்றாள்.

ஆறு. அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். மறுநாள் காலை குற்றாலம் போனேன். அருவியில் தண்ணீர் நூலாக இறங்கியது. கடையில் அப்பா மட்டும் தராசில் நின்றார்.

"எங்க?"

"அன்னா, உங்க பஸ்ஸு திரும்பி வரும்லா, அதுலதான் ஏறப் போறா. நானும் சொன்ன சொல்ல மாத்தல." எதிர்ப்பக்கம் நிறுத்தத்தில் யூனிஃபார்மில், பையோடு அவள் நின்றாள். கையை ஆட்டினாள். அப்பா தராசின் அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். மிச்சச் சீட்டுகள். "எண்ணிக்கிடுங்க. ஒண்ணுலயும் நான் பில்லு போடல."

வீட்டுக்கு வந்து அவற்றை முன்பே கொண்டுவந்தவற்றோடு சேர்த்து வரிசையாக அடுக்கினேன். பேத்தியின் வெள்ளைச் சீட்டுகளுக்கு நடுவே எண்ணெய் ஊறிய பில் தாள்கள். அணிகள் பாடத்துக் கணக்கில், புனலூர் போய்விட்ட நாலாவது சீட்டின் இடத்தில், அவள் முதன்முதலில் எழுதியது இருந்தது. குறியை அடித்துத் திருத்தியிருந்த இடமும் தெரிந்தது. பழையதெல்லாம் பின்னால் போகும் என்று நினைத்து அதைக் கணக்கு ஃபைலின் கடைசியில் செருகினேன்.

சாயங்காலம் பேத்தி அதை உருவி எடுத்தாள்.

"இது பின்னால போவக் கூடாது தாத்தா. காலாண்டுல இதே மாதிரி கணக்கு வந்துச்சு. அவ சரியாப் போட்டுட்டா. நான் நாலாவது படியில குறி மாத்திட்டேன்."

எண்ணெய்க் கறையோடு இருந்த அந்தப் பில் தாளைத் தன் ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்தாள். அதன் அடியில் இருந்த கொஞ்ச வெற்றிடத்தில் தன் தப்பை எழுதினாள்.